மருந்துகளைத் தந்து மறக்கப்பட்ட மேதை: டாக்டர் யெல்லாபிரகட சுப்பாராவ்

கருவுற்ற பெண்ணொருத்தி ஓட்டமாவடியில் தாய் சேய் கிளினிக்குக்குச் சென்றால் முதல் வாரங்களிலேயே அவளது கையில் வந்து சேர்வது போலிக் அமில மாத்திரை. மூட்டுவாதத்தினால் விரல்கள் மடங்காத முதியவர் ஒருவர் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குச் சென்று திரும்பும்போது அவரது பையில் மெதோட்ரெக்சேட் என்னும் மற்றொரு மாத்திரை இருக்கக்கூடும். இரண்டும் அளவிற் சிறியவை, விலையிலும் பெரியவையல்ல. இரசாயன அமைப்பில் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இரண்டே இடங்களில்தான். ஆனால் ஒன்று உடற்கலங்கள் பெருகுவதற்கு உணவாகிறது. மற்றொன்று அந்த உணவின் வேடத்தில் உள்ளே நுழைந்து கலங்களைப் பட்டினி போடுகிறது. முதலாவது, கருவிலுள்ள சிசுவின் முள்ளந்தண்டைக் காக்கும். இரண்டாவது, அதே சிசுவைச் சிதைத்துவிடும்.

இவ்விரு மருந்துகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே ஆய்வுக் குழுவின் கைகளில் உருப்பெற்றவை. அக்குழுவை வழிநடத்தியவர் அன்றைய சென்னை மாகாணத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் யெல்லாபிரகட சுப்பாராவ். தாதியர் பயிற்சிக்குச் செல்லும் நமது மாணவ மாணவியர் மருந்தியல் பாடத்தில் மருந்துகளின் பெயர்களை மனனம் செய்கிறார்கள். அம்மருந்துகள் எங்கிருந்து, யாருடைய எத்தனை தோல்விகளின் பின் வந்தன என்பதைப் பாடநூல் பெரும்பாலும் சொல்வதில்லை. சுப்பாராவின் வாழ்க்கை அந்தக் குறையை ஓரளவு தீர்க்கவல்லது.

1895 ஜனவரி 12 ஆம் திகதி, இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் பீமவரத்தில் அவர் பிறந்தார். தந்தை வருவாய்த் துறையில் சிறிய உத்தியோகத்தர், பிள்ளைகளோ பலர். வீட்டில் வறுமை. பதின்மூன்று வயதளவில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டைவிட்டு ஓடிய சிறுவன் அவர். பிடித்துக்கொண்டுவந்து பாடசாலையில் மீண்டும் அமர்த்தினார்கள். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தவறினார். தந்தை மறைந்த பின்னர் தாயார் நகைகளை விற்றுப் படிப்பித்தார். மூன்றாம் முறை, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து பரீட்சை எழுதித் தேறினார். பரீட்சையில் இரண்டு தடவை தவறிய பிள்ளையை இனி ஆகாதவன் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை என்பதை இவ்விடத்தில் நினைவூட்டத் தோன்றுகிறது.

பிரசிடென்சிக் கல்லூரியில் பயிலும்போது அவருக்குத் துறவில் நாட்டம் பிறந்தது. இராமகிருஷ்ண மடத்திற் சேர விரும்பினார். தாயார் உடன்படவில்லை. மருத்துவம் கற்றால் துறவு கொள்ளாமலே மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்ற சமாதானத்துடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்தார். நண்பர்களும், பின்னர் மாமனாராக வந்த கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் செலவைத் தாங்கினர். 1919 இல் சேஷகிரியை மணந்தார். அந்த ஆண்டுகளில் அவரது சகோதரர் இருவர் அடுத்தடுத்து ஸ்புரூ என்னும் நோய்க்கு இரையாகினர். குடல் உணவை உறிஞ்ச மறுக்க, ஓயாத வயிற்றோட்டத்தினாலும் இரத்தச்சோகையினாலும் உடல் உருகிப்போகும் வெப்பமண்டல நோய் அது. அன்று அதற்கு மருந்து கிடையாது.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுச் சத்திரசிகிச்சை வகுப்புக்குக் கதராடை அணிந்து சென்றது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. விளைவு, எழுத்துப் பரீட்சைகளிற் சிறப்பாகச் செய்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசாங்க மருத்துவச் சேவையில் இடம் கிடைக்கவில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார். நாட்டு மருந்துகளை நவீன ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வலுப்பெற்றது.

1922 ஒக்டோபர் 26 ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வந்திறங்கியபோது அவரிடம் இருந்தது மிகச் சொற்பமான பணம். மனைவியை ஊரில் விட்டுவந்திருந்தார். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாக எண்ணம். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆனால் புலமைப்பரிசில் கிடைக்கவில்லை. அவரது மருத்துவச் சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே வைத்தியம் பார்க்கவும் முடியவில்லை. ஆகவே பொஸ்டனின் பிரிகாம் வைத்தியசாலையில் இரவு நேரச் சிற்றூழியராகச் சேர்ந்தார். நோயாளரின் மலசல பாத்திரங்களை எடுத்துக் கழுவிவைப்பது அவ்வேலையின் ஒரு பகுதி. நோயாளர் விடுதியில் முதலாண்டுத் தாதிய மாணவி முகம் சுளித்துக்கொண்டு செய்யும் அதே வேலையைத்தான், பிற்காலத்தில் உலகின் மருந்துப் பட்டியலையே மாற்றியமைத்த மனிதர் இரவிரவாகச் செய்தார். பகலில் ஆய்வுகூடம்.

அவ்வேளையில் ஊரிலிருந்து துயரச் செய்தி வந்தது. அவர் புறப்பட்ட பின்னர் பிறந்த ஆண் குழந்தை, முகம் காணாமலே, ஒரு வயது நிரம்புமுன் தோலில் பரவிய கிருமித் தொற்றினால் இறந்துவிட்டது. சுப்பாராவ் ஊர் திரும்பவில்லை. மனைவியைப் பின்னர் ஒருபோதும் அவர் சந்திக்கவுமில்லை. இதனைத் தியாகம் என்று புகழ்வோர் உண்டு. காத்திருந்து காலத்தைக் கழித்த சேஷகிரியின் பக்கமிருந்து பார்த்தால் அந்தச் சொல் அவ்வளவு எளிதில் வாயில் வராது.

ஹார்வார்டில் சைரஸ் ஃபிஸ்க் என்ற உயிரிரசாயனவியலாளரிடம் அவர் பணியாற்றினார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொஸ்பரசின் அளவை நிறமாற்றத்தைக் கொண்டு கணிக்கும் முறையொன்றை இருவரும் 1925 இல் வெளியிட்டனர். ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்ற பெயரில் அது உலகெங்கும் ஆய்வுகூடங்களில் வழங்கலாயிற்று. கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் அளக்க முடியாத ஒன்றைப் பற்றி மருத்துவம் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்துக் கண்டுபிடிப்பின் முதற்படி பெரும்பாலும் மருந்து அல்ல, அளவுகோல். அந்த அளவுகோலைக் கையிற்கொண்டே தசைகளில் பொஸ்போகிரியேட்டின் என்ற பொருளை 1927 இல் கண்டனர். 1929 இல் உயிர்க்கலங்களின் சக்தி நாணயம் எனப்படும் ஏ.டி.பி.யை இனங்கண்டனர், அதே ஆண்டில் ஜேர்மனியில் லோமான் என்பவரும் அதனைத் தனித்துக் கண்டறிந்தார். தசை இயங்குவது பற்றி அதற்குமுன் நோபல் பரிசு பெற்றிருந்த விளக்கமே இதனால் திருத்தப்பட வேண்டியதாயிற்று. ஹார்வார்ட் அவருக்கு 1930 இல் கலாநிதிப் பட்டம் வழங்கியது. நிரந்தரப் பதவி மட்டும் வழங்கவில்லை. தமது பங்கைப் பற்றிப் பேசாதிருப்பது அவர் இயல்பு. பெயரைப் பங்கிடுவதில் ஃபிஸ்க் தாராளமானவர் அல்லர் என்பது உடன் பணியாற்றியோரின் கருத்து.

1926 இல் ஹார்வார்டின் மினோட்டும் மேர்பியும் கொடிய இரத்தச்சோகை நோயாளருக்கு ஈரலை உணவாகக் கொடுத்துப் பிழைக்கவைத்தனர். ஈரலில் இருக்கும் அந்த ஏதோவொன்று எது என்ற தேடலில் சுப்பாராவும் இறங்கினார். இதே புதிரின் மற்றொரு முனை பம்பாயில் இருந்தது. அங்கே துணி ஆலைகளில் வேலைசெய்த ஏழைக் கர்ப்பிணிகளிடையே கடுமையான இரத்தச்சோகை காணப்பட்டது. ஆங்கிலேய வைத்தியரான லூசி வில்ஸ் அவர்களுக்கு ஈஸ்டிலிருந்து தயாரிக்கப்படும் மார்மைட்டைக் கொடுத்தபோது குருதி தேறியது. 1931 இல் அதனை அவர் வெளியிட்டார். அப்பொருளுக்கு அன்று பெயரில்லை. 1941 இல் கீரை இலையிலிருந்து பிரித்தெடுத்த வேறு ஆய்வாளர்கள், இலை என்ற பொருள் தரும் இலத்தீன் சொல்லைக் கொண்டு போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர்.

சுப்பாராவ் 1940 இல் நியூயோர்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரிலுள்ள லெடர்லே ஆய்வுகூடத்தில் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சிப் பணிப்பாளரானார். டன் கணக்கான ஈரலிலிருந்து கிராம் கணக்கில் பிரித்தெடுத்தால் நோயாளருக்குப் போதாது. செயற்கையாகத் தொகுத்தாலன்றி அது மருந்தாகாது. அவரது குழு 1945 இல் போலிக் அமிலத்தைத் தொகுத்துக் காட்டியது. அவர் தேடியது கொடிய இரத்தச்சோகைக்கான மருந்தை. கிடைத்ததோ வேறொன்று. கொடிய இரத்தச்சோகைக்குக் காரணம் பி12 குறைபாடு என்பதும், அந்த விற்றமின் 1948 இல் வேறிடங்களிற் கண்டறியப்பட்டதும் பின்னைய செய்தி. பி12 குறைந்த நோயாளிக்குப் போலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் குருதி அறிக்கை அழகாகத் தேறும். நரம்புகள் உள்ளே தேய்ந்துகொண்டே போகும். ஆனால் ஸ்புரூ நோயாளர் இப்புதிய மருந்தினால் எழுந்து நடமாடத் தொடங்கினர். தம் சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கான விடை, ஏறத்தாழக் கால் நூற்றாண்டின் பின்னர், அவரது ஆய்வுகூடத்திலிருந்தே வந்தது.

அடுத்த திருப்பம் எவரும் எதிர்பாராதது. பொஸ்டனின் சிறுவர் வைத்தியசாலையில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் வைத்தியர், குருதிப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த சிறுவர்களுக்குப் போலிக் அமிலம் சார்ந்த பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, வேகம் பிடித்ததாகவே தோன்றியது. நெஞ்சை உலுக்கும் தோல்விதான். ஆனால் அத்தோல்விக்குள் ஒரு வினா இருந்தது. போலிக் அமிலம் புற்றுக் கலங்களுக்குத் தீனியாகுமானால், அதனைத் தடுக்கும் பொருளொன்று அவற்றைக் கொல்லாதா? போலிக் அமிலத்தைப் போன்ற ஆனால் அதன் வேலையைச் செய்யாத போலிகளைச் சுப்பாராவின் குழுவினர் தயாரித்தனுப்பினர். அவற்றுள் அமினோப்டெரின் என்பது பலித்தது. 1948 ஜூன் மாதம் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையின்படி, மருந்து பெற்ற 16 சிறுவர்களுள் 10 பேரிடம் நோய் பின்வாங்கியது. அது தற்காலிகமானதே; வாரங்களிலும் மாதங்களிலும் நோய் திரும்பிற்று. எனினும் சிறுவர் குருதிப் புற்றுநோய் மருந்துக்கு மசியும் என்று உலகம் கண்டது அதுவே முதற்றடவை. அமினோப்டெரினின் உடன்பிறப்பாக, நச்சுத்தன்மையைச் சற்று எளிதாகக் கையாளக்கூடியதாக வந்ததே மெதோட்ரெக்சேட். 1956 இல் கர்ப்பப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயை அது முற்றாகவே குணமாக்கியது. பிற்காலத்தில் மிகக் குறைந்த அளவில் மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கும் பயன்படலாயிற்று.

இங்கே தாதியர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அது உயிர் சம்பந்தப்பட்டது. மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. எழுத்தைச் சரியாக வாசிக்க முடியாத முதியவரோ, எல்லா மாத்திரைகளையும் போலவே இதையும் எண்ணிய வீட்டாரோ அதனை நாள்தோறும் கொடுத்துவிட்டதனால் உலகின் பல நாடுகளில் மரணங்கள் நேர்ந்துள்ளன. முதலில் வாய்ப்புண், பிறகு காய்ச்சல். என்பு மச்சை குருதிக் கலங்களை உற்பத்தி செய்வதை நிறுத்திவிடும். வாரத்தில் எந்த நாள் என்பதைத் துண்டில் எழுதி, அந்நாளின் பெயரை நோயாளியின் வாயாலேயே திரும்பச் சொல்லவைப்பதற்குப் பெரிய உபகரணம் எதுவும் தேவையில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் என்று சொல்லிவைத்தால் ஓட்டமாவடியில் அதனை மறப்பவர் குறைவு. கருத்தரிக்கக்கூடிய பெண்ணாயின் கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்டேயாக வேண்டும். தவறாக உட்கொண்டவருக்கு முறிப்பு மருந்தாகச் செலுத்தப்படுவது போலிக் அமிலத்தின் இனத்தைச் சேர்ந்த போலினிக் அமிலமே என்பது இக்கதையின் விந்தைகளுள் ஒன்று.

இன்னும் இரண்டு கொடைகளைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கப் படைவீரர்களை யானைக்கால் நோயின் புழுக்கள் பற்றின. அதற்கு மருந்து தேடிய லெடர்லே குழு, பருத்தி எலிகளில் நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் சோதித்து 1947 இல் டைஎதில்கார்பமசீன் என்ற மருந்தை வெளியிட்டது. இலங்கையின் மேல், தென், வடமேல் மாகாணக் கரையோரங்களைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிய நோய் இது. இந்த மருந்தை மக்கள் தொகையாக வழங்கும் திட்டம் 2002 முதல் 2006 வரை நடைபெற்றது. 2016 இல் இலங்கை யானைக்கால் நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மற்றையது ஒரியோமைசின். ஓய்வுபெற்று எழுபது வயதைக் கடந்திருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கரைச் சுப்பாராவின் குழு வேலைக்கு அமர்த்தியிருந்தது. பல இடங்களிலிருந்தும் வரவழைத்த மண்ணைச் சோதித்த டக்கர், மிசூரிப் பல்கலைக்கழக வயலொன்றின் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிடமிருந்து பொன்னிறப் பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. முகம் காணாத மகனைக் கொன்றது போன்ற தொற்றுகளுக்கு எதிரான ஆயுதம்.

இன்று ஒரு மருந்து ஆய்வுகூடத்திலிருந்து நோயாளியின் கைக்கு வரப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் செல்வது வழக்கம். விலங்குகளில் சோதனை, பின்னர் சில பத்துப் பேரில் பாதுகாப்பு, சில நூறு பேரில் அளவும் பயனும், இறுதியாக ஆயிரக்கணக்கானோரில் ஒப்பீடு. ஃபார்பர் காலத்தில் இந்த ஒழுங்கு இருக்கவில்லை. 1961 இல் தாலிடோமைட் மருந்தினால் கைகால் குறைந்த குழந்தைகள் பிறந்த பேரழிவு வெளிப்பட்ட பின்னரே சட்டங்கள் இறுகின. நோயாளியின் எழுத்துமூலச் சம்மதமும் சுயாதீனமான ஒழுக்கவியல் குழுவும் கட்டாயமாயின. இந்தத் தாமதத்தைக் குறைசொல்வோர் உண்டு. ஆனால் ஆதாரத்துக்குக் காத்திராமல் எடுக்கப்படும் முடிவு எதில் முடியும் என்பதை ஓட்டமாவடிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கொவிட் காலத்தில், அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் சடலங்கள் 2020 இல் கட்டாயமாக எரிக்கப்பட்டன. 2021 மார்ச்சில் மஜ்மா நகரில் அடக்கத்துக்கு இடமளிக்கப்பட்டபோது நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஜனாஸாக்கள் இங்கேயே வந்தன. அரசாங்கம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது 2024 இல். அதே கொவிட்டுக்கான தடுப்பூசிகளோ ஒரு வருடத்துக்குள் வந்தன. படிகளைத் தாண்டியல்ல, அடுத்தடுத்துச் செய்ய வேண்டியவற்றை ஒரே காலத்தில் செய்து, பல்லாயிரம் தொண்டர்களிற் சோதித்து.

கண்டுபிடித்த மருந்து ஏழையின் கைக்கு எட்டுவது தனிக்கதை. நமது நாட்டில் அக்கதையின் நாயகர் பேராசிரியர் சேனக பிபிலே. வர்த்தகப் பெயர்களுக்குப் பதிலாக மருந்தின் மூலப் பெயரையே பயன்படுத்துவது, தேவையான மருந்துகளை மட்டும் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்குவது என்ற அவரது கொள்கையின் விளைவே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம். அவர் 1977 இல் கயானாவில் காலமானார். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளின் மருந்துக் களஞ்சியங்கள் வெறுமையானபோது பிபிலேயின் பெயர் மறுபடியும் பலரது வாயில் வந்தது.

சுப்பாராவுக்கு அத்தகைய நினைவுகூரல் வாய்க்கவில்லை. 1948 ஜூனில் ஃபார்பரின் அறிக்கை வந்தது. ஜூலையில் ஒரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஓகஸ்ட் மாதத்தின் தொடக்கத்தில் ஓரிரவு உறக்கத்திலேயே மாரடைப்பினால் அவர் இறந்துவிட்டார். வயது 53. பூஞ்சணம் ஒன்றுக்குச் சக ஆய்வாளர்கள் 1953 இல் சுப்பாராமைசிஸ் எனப் பெயரிட்டனர். அமெரிக்காவில் ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தும் அந்நாட்டுப் பிரஜையாகாமல் இந்தியராகவே அவர் மறைந்தார். பிறந்து நூறாண்டு நிறைவுற்ற 1995 இல், இந்தியத் தபால் துறை அவரது உருவம் பொறித்த முத்திரையொன்றை வெளியிட்டது.